பொய்யாய் ஒலிக்கும் புகைமணி



புலி வருகிறது, புலி வருகிறது என்று பொய்க் கூச்சலிட்ட இடைச்சிறுவனின் கதையை அறியாதவர் நம்முள் இலர். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நான் அக்கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு முறையும், "ஆதலின் பொய் சொல்லாதீர்கள்" என்று கூறிப் பாடத்தை முடித்துவிடுவது என் வழக்கம். அக்கதைக்குள் வேறொரு பாடமும் இருக்கிறது என்பதை, என் அறுபத்தாறாம் வயதில், கடல் கடந்த நாடொன்றில், நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தோடு கற்றுக்கொண்டேன். அப்பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆஸ்திரேலியாவில் வாழும் என் மகளின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் தலைநகராகிய பிரிஸ்பேனின் புறநகர் ஒன்றில் அமைந்த வீடு அது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அதனை விலைக்கு வாங்கியிருந்தார்கள். படுக்கையறைகள் மூன்று, அவற்றை இணைக்கும் நடைகூடம், வரவேற்பறை, படிப்பறை ஆகிய ஆறு இடங்களிலும், சிறு கிண்ணியைக் கவிழ்த்து ஒட்டியது போன்ற வெண்ணிறக் கருவி ஒன்று உட்கூரையில் பொருத்தப்பட்டிருந்தது. புகையை உணர்ந்து ஒலி எழுப்பும் கருவி அது. புகைமணி என்று அதனை நாம் அழைப்போம். அவ்வாறு மணிகளும் வானொலி அலைகளால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. ஒன்று புகையைக் கண்டால் ஆறும் ஒருங்கே ஒலிக்கும்.

நான் சென்ற மூன்றாம் வாரத்தில், ஒரு நாள் நள்ளிரவுக்குப் பின் அவ்வாறும் திடீரென அலறின. கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு என் மகளும், பத்து வயதுப் பேத்தியைக் கையில் பற்றிக்கொண்டு மாப்பிள்ளையும், அவர்களுக்குப் பின்னால் நானுமாகத் தோட்டத்திற்கு ஓடினோம். அங்கே ஜூன் மாதம் குளிர்காலம். பற்கள் கிட்டிப்போகும் குளிரில் கால்மணி நேரம் நின்றோம். தீயும் இல்லை, புகையும் இல்லை. இரண்டு நாள் கழித்து, விடியுமுன் மறுபடியும் அதே அலறல். மறுபடியும் தீ இல்லை.

அன்று காலை மாப்பிள்ளை சிவந்த கண்களோடு என்னிடம் வந்தார். "மாமா, இந்த ஆறையும் கழற்றிப் பெட்டிக்குள் போட்டால்தான் நமக்குத் தூக்கம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு, பிறர் உறங்கிய பின், நாற்காலியில் ஏறி என் அறையிலிருந்த மணியைத் திருகிக் கழற்றினேன். அதனைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்து மூடினேன். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த நாட்டைச் சேர்ந்த ஆசிரியன் நான். அதன் பின்னர் ஓய்வு பெறும் வரையில், என் பள்ளியின் ஒவ்வொரு வாசலையும் நாள்தோறும் நடந்து பார்த்துவந்தவன் நான். அத்தகைய நான் செய்த செயல் இது.

மறுநாள் காலையில் என் அறைக்கு வந்த பேத்தி, உட்கூரையிலிருந்த வெறும் வளையத்தைப் பார்த்துவிட்டாள். "மணி எங்கே, தாத்தா?" என்றாள். அலமாரியைக் காட்டினேன். அவள் சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "தீப்பிடித்தால் உங்களை யார் எழுப்புவார்கள்?" என்று கேட்டாள். எந்தத் தேர்விலும் எந்த மாணவனும் என்னிடம் கேட்காத வினா அது. அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

அவ்வினாவின் கனத்தை நீங்களும் உணர வேண்டும். உறங்குகின்றவனை எழுப்பும் ஆற்றல் புகையின் மணத்திற்கு இல்லை. நாம் உறங்கும்போது நம் மூக்கும் உறங்குகிறது என்றே கொள்ளலாம். ஆயின் செவி ஓரளவு விழித்திருக்கிறது. ஆகவேதான் புகையின் வரவை ஒலியாக மாற்றித் தரும் கருவி தேவைப்படுகிறது. மூடிய கதவுகள் அவ்வொலியைத் தடுத்து நலியச் செய்கின்றன. அதனால், தொலைவிலுள்ள அறையில் மூண்ட தீயை உறங்குவோரின் தலைமாட்டிலேயே அறிவிக்கும் வண்ணம் மணிகளை ஒன்றோடொன்று இணைத்தார்கள்.

குவீன்ஸ்லாந்தில் இவ்வேற்பாட்டிற்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், பிரிஸ்பேனுக்குத் தெற்கே லோகன் நகரைச் சேர்ந்த ஸ்லாக்ஸ் கிரீக் என்னும் இடத்தில், நள்ளிரவை ஒட்டி ஒரு வீடு தீப்பற்றியது. குழந்தைகளும் பெரியவர்களுமாக 11 பேர் மாண்டனர். அச்சாவுகளைப் பற்றிய விசாரணையின் பயனாக அம்மாநிலத்தின் சட்டம் திருத்தப்பட்டது. ஒவ்வொரு படுக்கையறையிலும், படுக்கையறைகளை வீட்டின் பிற பகுதியோடு இணைக்கும் கூடத்திலும், ஒவ்வொரு தளத்திலும் ஒளியால் புகையை உணரும் மணி இருத்தல் வேண்டும் என்றும், அவை யாவும் ஒன்றோடொன்று இணைந்திருத்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. 2017-இல் புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கும், 2022-இல் விற்கப்படும் வீடுகளுக்கும் வாடகை வீடுகளுக்கும், 2027-இன் முதல் நாளிலிருந்து எஞ்சிய எல்லா வீடுகளுக்கும் என்று மூன்று படிகளாக அது வகுக்கப்பட்டது. நான் துண்டில் சுற்றி வைத்த கருவி, 11 உயிர்களின் விலைக்கு வந்த கருவி என்பதை என் மகள் சொல்லித்தான் அறிந்தேன்.

உடனே மணியைத் துண்டிலிருந்து எடுத்தேன். மாப்பிள்ளையிடம் ஒன்று வேண்டிக்கொண்டேன். "எனக்கு இரண்டு வாரம் தவணை கொடுங்கள், மாப்பிள்ளை. பொய் சொல்கிறவன் எவன், ஏன் சொல்கிறான் என்று கண்டுபிடிப்போம். கண்டுபிடிக்க முடியாவிட்டால் புது மணி வாங்குவோம். எப்படியாயினும் கழற்ற வேண்டாம்" என்றேன். அவரும் இசைந்தார்.

விசாரணையைத் தொடங்குமுன், இக்கருவி வேலை செய்யும் முறையை அறிந்துகொள்ள வேண்டும். ஓட்டு வீட்டில், ஓட்டின் இடுக்கு வழியே சூரிய ஒளி சாய்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வொளிக் கற்றையில் தூசிகள் மினுங்கி மிதக்கும். தூசி இல்லையேல், பக்கத்தில் நிற்கும் நமக்கு அக்கற்றை தென்படாது. தூசியின் மேல் பட்ட ஒளி நாற்புறமும் சிதறி, அதில் ஒரு பகுதி நம் கண்ணை அடைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனை ஆராய்ந்த ஜான் டிண்டால் என்னும் அறிஞரின் பெயரால் இது டிண்டால் விளைவு என்று வழங்குகிறது.

புகைமணியின் உள்ளே இருண்ட சிற்றறை ஒன்று உண்டு. அதில் ஒரு சிறு விளக்கு ஒளியை வீசிக்கொண்டிருக்கிறது. ஒளியுணரி ஒன்று, அவ்வொளி நேரே தன்மேல் படாதவாறு சாய்வாக வைக்கப்பட்டிருக்கிறது. சிற்றறைக்குள் தூய காற்று மட்டும் இருக்கும் வரை ஒளியுணரி இருளையே காண்கிறது. புகை புகுந்தால் ஒளி சிதறுகிறது. சிதறிய ஒளி உணரியின் மேல் படுகிறது. குறித்த அளவைக் கடந்ததும் மணி அலறுகிறது. மணி உண்மையில் புகையைக் காண்பதில்லை. சிதறிய ஒளியையே காண்கிறது என்பதை நினைவில் இருத்துங்கள். ஒளியைச் சிதறடிக்கும் எதுவும் அதற்குப் புகையே. நீராவியின் நுண்துளியும் புகையே. சுவரைத் தேய்க்கும்போது எழும் தூசியும் புகையே. சிற்றறைக்குள் நுழைந்துவிட்ட ஒரு சிலந்திக் குஞ்சும் புகையே. மணி பொய் சொல்வதில்லை. தான் கண்டதையே சொல்கிறது. அதனைத் தவறாகக் காண வைத்தது எது என்பதே நம் கேள்வி.

இன்னொரு வகைப் புகைமணியும் உலகில் உண்டு. அதில் அமெரிசியம்-241 என்னும் கதிரியக்கப் பொருள் மிகச் சிறிய அளவில் இருக்கும். அதன் கதிர்கள் இரு தகடுகளுக்கு இடையேயுள்ள காற்றை அயனிகளாக்குவதால், அங்கே மெல்லிய மின்னோட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். புகைத்துகள் புகுந்தால் அவ்வோட்டம் குறையும், மணி ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களையும் இவ்வகை எளிதில் உணரும். அதனால் ரொட்டி சற்றே கருகினாலும், எண்ணெய் காய்ந்து சூடேறினாலும் கூவிவிடும். சமையலறைக்கு அருகில் இதனை வைத்தவர்கள் நாள்தோறும் தொல்லைப்படுவது இதனால்தான்.

இணைக்கப்பட்ட மணிகளுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலையும் சொல்கிறேன். தனி மணி ஒன்று மூன்றாண்டுக்கு ஒரு முறை தவறாக ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணிகள் இணைந்த வீட்டில், அவற்றுள் எது தவறினாலும் வீடு முழுவதும் அலறும். எனவே மூன்றாண்டுக்கு ஆறு முறை, அதாவது ஆண்டுக்கு இரு முறை பொய்யொலி கேட்கும். அது மட்டுமன்று. ஆறும் ஒரே நேரத்தில் கத்துவதால், தொடங்கியது எது என்பது செவிக்குத் தெரியாது. வகுப்பில் ஒருவன் ஊளையிட, அனைவரும் சேர்ந்து ஊளையிட்டால், முதலில் வாய் திறந்தவன் யார் என்று ஆசிரியருக்கு விளங்காதது போன்றது இது.

ஆனால் இக்கருவியைச் செய்தவர்கள் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான வகைகளில், முதலில் புகையை உணர்ந்த மணியின் சிவப்பு விளக்கு மட்டும் விரைந்து விரைந்து சிமிட்டும். மற்றவற்றின் விளக்கு அவ்வாறு சிமிட்டுவதில்லை. கருவியோடு வரும் சிறு நூலில் இது எழுதப்பட்டிருக்கும். அதனைப் படிப்பவர் சிலரே. எங்கள் வீட்டிலும் அந்நூல் சமையலறை இழுப்பறையின் அடியில் உறை பிரிக்கப்படாமல் கிடந்தது.

பேத்தியிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தேன். நாள், நேரம், சிவப்பு விளக்குச் சிமிட்டிய மணி, அவ்வேளையில் வீட்டில் நடந்தது என்று நான்கு பத்திகளை அவள் கோடிட்டாள். ஒரு விதியையும் முதற் பக்கத்தில் எழுதச் சொன்னேன். மணி ஒலித்தால் அதனை உண்மை என்றே கொள்ள வேண்டும். மகளும் குழந்தைகளும் உடனே வெளியேற வேண்டும். புகையும் மணமும் சூடும் எங்கும் இல்லை என்று தெரிந்த பின்னரே விளக்கைப் பார்க்க வேண்டும். சிறிது ஐயம் எழுந்தாலும் நாங்களும் வெளியேறி, அந்நாட்டுத் தீயணைப்புப் படைக்குரிய மூன்று சுழியங்களைத் தொலைபேசியில் அழுத்த வேண்டும். விசாரணை என்னும் பெயரால் ஒருவரும் உயிரைப் பணயம் வைத்தல் கூடாது.

ஒரு வாரத்தில் நான்கு பதிவுகள் சேர்ந்தன. திங்கட்கிழமை காலை 5 மணி 10 நிமிடம், நடைகூடத்து மணி. புதன்கிழமை இரவு 1 மணி 40 நிமிடம், வரவேற்பறை மணி. வெள்ளிக்கிழமை காலை 5 மணி 5 நிமிடம், மறுபடியும் நடைகூடம். சனிக்கிழமை இரவு 2 மணி 15 நிமிடம், மறுபடியும் வரவேற்பறை. நான்காம் பத்தியில், இரு காலைகளுக்கும் நேராக "தாத்தா குளித்தார்" என்றும், இரு இரவுகளுக்கும் நேராக "எல்லோரும் தூக்கம்" என்றும் அவள் எழுதியிருந்தாள்.

ஏட்டைப் பார்த்தவுடன், "தாத்தா குளித்தால் மணி அடிக்கிறது" என்றாள் பேத்தி. எனக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் இரவில் நான் குளிக்கவில்லையே, அப்போது ஏன் அடித்தது?" என்று அவளை மடக்கினேன். பிறகுதான் என் தவறு விளங்கியது. ஒரு விளைவுக்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாங்கள் தேடிய கள்வன் ஒருவன் அல்லன், இருவர். இருவர் செயலையும் ஒன்றாகக் கலந்து பார்த்ததால்தான் இதுவரை ஒன்றும் புலப்படவில்லை.

ஆயினும் ஐயம் முடிவாகாது, சோதனை வேண்டும். குற்றம் கருவியுடையதா, அது இருக்கும் இடத்துடையதா? இதனை அறிய எளிய வழி ஒன்று உண்டு. கருவிகளை இடம் மாற்றிப் பார்ப்பதே அது. குற்றம் கருவியோடு சென்றால் குறை கருவியில் இருக்கிறது. பழைய இடத்திலேயே நின்றுவிட்டால் குறை இடத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டு மணிகள் தம்முள்ளேயே பத்தாண்டு மின்கலம் கொண்டவை. கம்பி இணைப்பு இல்லாதவை. ஒரே வகையைச் சேர்ந்தவை. ஆதலின் மாற்றுவது எளிதாயிற்று. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கற்ற எழுத்தால், ஒவ்வொரு மணியின் மேலும் அ, ஆ, இ, ஈ என்று பேத்தி ஒட்டுத்தாள் ஒட்டினாள். நடைகூடத்து மணி என் அறைக்கு வந்தது. துண்டில் கிடந்த என் அறை மணி நடைகூடத்திற்குச் சென்றது. அதுபோலவே வரவேற்பறை மணியும் படிப்பறை மணியும் இடம் மாறின. பிறகு ஒவ்வொன்றின் சோதனைப் பொத்தானையும் அழுத்தி, ஆறும் ஒலிப்பதை உறுதி செய்துகொண்டோம்.

மூன்றாம் நாள் காலை, என் குளியல் முடிந்ததும் மணி ஒலித்தது. சிவப்பு விளக்குச் சிமிட்டியது நடைகூடத்தில். அங்கே இப்போது இருந்ததோ என் அறையில் ஒரு முறையும் தொல்லை தராத மணி. எனவே குற்றம் இடத்துடையது. அன்றிரவே 2 மணிக்கு மறுபடியும் ஒலி. இம்முறை விளக்குச் சிமிட்டியது படிப்பறையில். அங்கே இருந்தது முன்பு வரவேற்பறையில் இருந்த மணி. எனவே குற்றம் கருவியுடையது. ஒரே நாளில் இரு வழக்குகளுக்கும் தீர்ப்புக் கிடைத்தது.

முதற் குற்றவாளி நானே என்பதை ஒப்புக்கொள்கிறேன். விடியுமுன் குளிப்பது என் ஐம்பதாண்டுப் பழக்கம். அக்குளிரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்துவிட்டு, ஆவி வெளியேறட்டும் என்று கதவை விரியத் திறந்துவிடுவேன். வெப்ப ஆவி, குளிர்ந்த நடைகூடத்தில் நுண்துளிகளாக உறைந்து, குளியலறை வாயிலுக்கு மேலே இருந்த மணிக்குள் புகுந்தது. மெய்தானா என்று பார்க்க, வீட்டாரிடம் முன்னரே சொல்லிவிட்டு, பகலில் மூன்று முறை காற்று வெளியேற்றும் விசிறியைச் சுழலவிட்டுக் கதவை மூடிக் குளித்தேன், ஒலி இல்லை. நான்காம் முறை வேண்டுமென்றே கதவைத் திறந்துவிட்டேன். ஆறு மணிகளும் அலறின. பேத்தி கைகொட்டிச் சிரித்தாள்.

இரண்டாம் குற்றவாளியைக் கண்டதும் வியப்பாக இருந்தது. படிப்பறைக்கு மாறிய அம்மணியைக் கழற்றி, தூசியுறிஞ்சும் கருவியின் மென்தூரிகையால் அதன் விளிம்புத் துளைகளைச் சுற்றிலும் துடைத்தெடுத்தோம். மணியைத் திறக்கவில்லை, திறத்தலும் கூடாது. தூரிகையில் சாம்பல் நிறத் தூசியோடு ஒரு சிலந்தியிழையும், கடுகினும் சிறிய சிலந்தி ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தன. இரவில் அது தன் வலையில் நடை பயின்ற போதெல்லாம் எங்கள் ஐவரையும் தோட்டத்திற்கு அனுப்பியிருக்கிறது! நான் திரும்பிவரும் வரையிலான நான்கு மாதங்களில் அம்மணி மீண்டும் காரணமின்றி ஒலிக்கவில்லை.

எல்லா வீட்டிலும் கள்வர் இவர்களே என்று எண்ணிவிடாதீர்கள். கருவியின் வயதும் ஒரு காரணமாகலாம். புகைமணியின் ஆயுள் பத்தாண்டு. செய்யப்பட்ட நாள் அதன் முதுகில் அச்சிட்டிருக்கும். பத்தாண்டு கடந்த மணியைச் சீர்செய்ய முயலாது மாற்றிவிட வேண்டும். பொருத்திய இடம் காரணமாகலாம். சுவரும் உட்கூரையும் கூடும் மூலையிலிருந்தும் விளக்கிலிருந்தும் 300 மில்லிமீட்டர், குளிர்சாதனத்தின் காற்று வாயிலிலிருந்தும் மின்விசிறியின் இறகிலிருந்தும் 400 மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது குவீன்ஸ்லாந்து விதி. கம்பியால் இணைத்த மணிகளில், கம்பி வரும் துளை வழியே கூரைக்கு மேலுள்ள தூசியும் ஈரக்காற்றும் உள்ளே இறங்கலாம். தளர்ந்த இணைப்பும் தொல்லை தரலாம். வெவ்வேறு நிறுவனத்தார் செய்த மணிகளை ஒரே கம்பியில் பிணைத்தாலும் குழப்பம் விளையும். இவற்றைத் தொடும் உரிமை, தகுதி பெற்ற மின்பணியாளர் ஒருவருக்கே உண்டு, நமக்கு இல்லை.

பொய்யொலி வேறு, எச்சரிக்கைச் சிற்றொலி வேறு. முழு அலறல் இன்றி, நிமிடத்திற்கு ஒரு முறை 'கீச்' என்று சிட்டுக்குருவி போல் ஒலித்தால், மின்கலம் தளர்ந்துவிட்டது அல்லது கருவியின் ஆயுள் முடியப் போகிறது என்று பொருள். அது பெரும்பாலும் பின்னிரவிலேயே தொடங்குவதைப் பார்த்துப் பலர் மருள்வர். காரணம் எளியது. குளிரில் மின்கலத்தின் அகத்தடை மிகுந்து, அது தரும் அழுத்தம் தாழ்கிறது. விளிம்பில் நின்ற மின்கலம், இரவின் மிகக் குளிர்ந்த நேரத்தில் விளிம்பைக் கடந்துவிடுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வெள்ளிக்கிழமை மாலையில் சாம்பிராணி போட்டதால் மணி ஒலித்தால் அது பொய்யொலி அன்று. புகை உண்மையாகவே இருந்தது. அங்கே மணியைக் குறை கூறாது, சன்னலைத் திறந்து, கருவியிலுள்ள அமைதிப் பொத்தானை அழுத்த வேண்டும். பல வகைகளில் அப்பொத்தான் சில நிமிடங்களுக்கு மட்டும் ஒலியை அடக்கி, பின்னர் மணியைத் தானாகவே காவலுக்குத் திருப்பிவிடும். கழற்றிவிட்ட மணியோ, நாமாக நினைத்து மீண்டும் மாட்டும் வரை ஊமையே. நாம் மறந்துவிடுவோம் என்பதுதான் மனித இயல்பு. அமெரிக்க நாட்டின் வீட்டுத் தீ விபத்துகளில் மாண்டோரைக் கணக்கிட்டவர்கள், ஐவரில் ஏறத்தாழ மூவர் புகைமணியே இல்லாத அல்லது இருந்தும் இயங்காத வீடுகளில் மாண்டனர் என்று கண்டிருக்கிறார்கள். இயங்காமைக்குரிய முதன்மையான காரணம், மின்கலம் எடுக்கப்பட்டதோ இணைப்புத் துண்டிக்கப்பட்டதோ ஆகும். அவற்றுள் எத்தனை வீடுகளில், என்னைப் போன்ற ஒருவர், ஓர் இரவுத் தூக்கத்திற்காக நாற்காலியில் ஏறினாரோ!

மாணவர்களே, நீங்கள் நாளை விடுதிகளிலும் அலுவலகங்களிலும், கடல் கடந்த ஊர்களிலும் இக்கருவியின் கீழ் உறங்கப் போகிறவர்கள். பொய்யொலி கேட்டுச் சலிக்கும் நாள் உங்களுக்கும் வரும். அன்று முதலில் வெளியேறுங்கள். பிறகு தொடங்கிய மணியைக் கண்டறியுங்கள். நேரத்தையும் நிகழ்ச்சியையும் எழுதி வையுங்கள். தூசி போக்குங்கள். இடம் மாற்றிச் சோதியுங்கள். விடுதியிலும் அலுவலகத்திலும் கருவியைத் தொடாமல், உங்கள் குறிப்பைப் பொறுப்பாளரிடம் கொடுத்து, சீர்செய்யும் வரை விடாமல் கேளுங்கள். தீராவிட்டால் புதியது மாற்றச் செய்யுங்கள். மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்திப் பாருங்கள். வாயை மட்டும் அடைக்காதீர்கள்.

இடைச்சிறுவன் கதைக்கு இப்போது திரும்புவோம். முதல் முறை அவன் பொய்யாகக் கூவியபோது, ஊரார் அவனைத் திட்டிவிட்டுத் திரும்பினர். இரண்டாம் முறையும் அவ்வாறே. ஏன் கூவினாய், எதைக் கண்டாய் என்று அருகில் அமர்ந்து கேட்டவர் ஒருவரும் இலர். காவலனைத் திருத்தாமல், அவன் சொல்லைக் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் முறை புலி உண்மையாகவே வந்தது. சிறுவனின் குற்றத்தை ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்த நான், ஊராரின் குற்றத்தை ஒரு நாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் குறையை இன்று உங்கள் முன் தீர்த்துக்கொண்டேன்.

நான் புறப்பட்ட நாளன்று, பேத்தி அக்குறிப்பேட்டை என் பெட்டிக்குள் வைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி எழுதியிருந்தாள்: "தாத்தா அறை மணி இப்போது நடைகூடத்தில் இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது."